‘மேன் பேஜ் பாரு’ என்று சொல்லும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் லினக்ஸ், கட்டற்ற மென்பொருள் குழுக்களை நடத்திவரும் மூத்த தோழர்களுக்கு,

வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்பவள் நான். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்கு எங்கள் பிள்ளைகளைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைப்பதும் நான்தான். உங்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியும். வாரம் முழுக்க இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் வேலை பார்த்துவிட்டு, லீவு நாளையும் விட்டுக்கொடுத்து, பத்துப் பைசா வாங்காமல் சொல்லிக்கொடுப்பவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஆயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லித்தராதவர்களுக்கு மடல் எழுதி என்ன ஆகப்போகிறது?

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கூட்டத்துக்கு ஒரு தடவை வந்த பிள்ளைகளில் பலர் மறு தடவை வருவதில்லை. ஏன் என்று கேட்டால் முதலில் பஸ்ஸைக் காரணம் சொல்வார்கள். பேரையூரிலிருந்தும் டி.கல்லுப்பட்டியிலிருந்தும் வருகிறவர்களுக்கு அது பொய்யும் இல்லை. ஆனால் இதே பிள்ளைகள்தான் அழகர் எதிர்சேவைக்கு விடிய விடிய மதுரையில் கால்கடுக்க நிற்பவர்கள். கொஞ்சம் கிண்டினால் உண்மை வெளியே வரும். “ஒண்ணு கேட்டோம் மேடம். மேன் பேஜ் பாருன்னு சொல்லிட்டாங்க. சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க.” மேன் பேஜ் என்பது லினக்ஸில் ஒவ்வொரு கமாண்டையும் விளக்கும் மேனுவல் பக்கம்.

சிரித்தது கெட்ட எண்ணத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். அது உங்களுக்குள் பழகிப்போன ஒரு கிண்டல். நீங்களும் புதிதாக வந்தபோது யாரோ ஒருவர் உங்களிடம் அப்படித்தான் சொன்னார், நீங்கள் ரோஷப்பட்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படித்தீர்கள், ஆளாகிவிட்டீர்கள். அதனால் அதுவே நல்ல வழி என்று முடிவு கட்டிவிட்டீர்கள். ரோஷப்பட்டுப் படித்தவர்கள் மட்டும்தான் இன்று அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை யாரும் யோசிப்பதில்லை. எழுந்து போனவர்கள் கருத்துச் சொல்ல அங்கே இல்லையே.

அப்படித் திரும்பிவந்த ஒரு பெண் என்ன கேட்டாள் என்று சொல்கிறேன், நீங்களே பாருங்கள். நாம் அடிக்கும் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் ப்ரோக்ராம்தான் ஷெல். அதற்காகக் கமாண்டுகளை வரிசையாக எழுதிவைத்த ஷெல் ஸ்க்ரிப்ட் ஒன்று எழுதியிருக்கிறாள். அதற்குள், ஃபோல்டர் மாறுவதற்கான சிடி (cd) கமாண்ட் போட்டு ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குப் போகச் சொல்லியிருக்கிறாள். ஸ்க்ரிப்ட் எரர் இல்லாமல் ஓடி முடிகிறது. ஆனால் டெர்மினல் பழைய ஃபோல்டரிலேயே நிற்கிறது. “சிடி வேலை செய்யவே இல்லையே, ஏன்?” இதுதான் கேள்வி. வந்த பதில், “மேன் பேஜ் பாரு.”

சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை அவள். மேன் சிடி என்று அடித்துப் பார்த்தாள். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் அதற்கு என்ன வரும்? அப்படி ஒரு மேனுவல் பக்கமே இல்லை என்று வரும். ஏனென்றால் சிடி தனி ப்ரோக்ராம் அல்ல. ஷெல்லுக்குள்ளேயே இருக்கிற கமாண்ட். அதைப் பற்றித் தெரிந்துகொள்ள ஹெல்ப் சிடி என்று அடிக்க வேண்டும், அல்லது பேஷ் ஷெல்லின் மேன் பேஜைத் திறந்து, ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவில் உள்கமாண்டுகள் வரும் இடத்தைத் தேட வேண்டும். சிடி ஓர் உள்கமாண்ட் என்று தெரிந்தவருக்குத்தான் எங்கே தேடுவது என்று தெரியும். அது தெரிந்திருந்தால் அவள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டாள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவள் கேட்டது சில்லறைக் கேள்வி அல்ல. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸை எழுதியவர்களே இதே இடத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆரம்பகால யூனிக்ஸில் டைரக்டரி (ஃபோல்டர்) மாற்றும் கமாண்ட் ஒரு சாதாரண ப்ரோக்ராமாகத்தான் இருந்தது. ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம், தன்னைப் போலவே இன்னொன்றைப் பிரித்து உருவாக்கும் ஃபோர்க் வசதியைச் சேர்த்த பிறகு, அந்தக் கமாண்ட் திடீரென்று வேலை செய்யாமல் போனது. ஃபோர்க் எப்படி இதைக் கெடுத்தது என்று ப்ரோக்ராமைத் திரும்பத் திரும்பப் படித்துக் குழம்பிய கதையை யூனிக்ஸை எழுதியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியே பின்னாளில் எழுதியிருக்கிறார். கடைசியில்தான் விளங்கியது. கமாண்ட் சரியாகவே வேலை செய்கிறது. ஆனால் அதை ஓட்டப் பிறந்த ப்ராசஸின் டைரக்டரியை மாற்றுகிறது, உடனே அந்த ப்ராசஸ் முடிந்துபோகிறது. அந்த ப்ராசஸைப் பெற்ற ஷெல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால்தான் அதை ஷெல்லுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார்கள்.

எங்கள் பிள்ளையின் ஸ்க்ரிப்டிலும் நடந்தது அதேதான். ஸ்க்ரிப்ட் தனி ஷெல்லில் ஓடுகிறது, அந்த ஷெல் டைரக்டரி மாறுகிறது, முடிந்து போகிறது. சோர்ஸ் கமாண்ட் போட்டு ஓட்டினால் இந்த ஷெல்லிலேயே ஓடும். ப்ராசஸ் என்றால் என்ன, பெற்ற ப்ராசஸ் எது, பிள்ளை ப்ராசஸ் எது, ஒன்றின் நிலை இன்னொன்றுக்கு ஏன் போகாது என்று ஒரு செமஸ்டர் முழுக்கக் கரும்பலகையில் கத்தினாலும் ஏறாத விஷயம். அவளே தேடிவந்து கேட்டாள். சொல்லியிருந்தால் ஜென்மத்துக்கும் மறந்திருக்க மாட்டாள். அந்த வாய்ப்பை ஒரு சிரிப்பில் விட்டுவிட்டீர்கள். எனக்கு வருத்தம் இதில்தான்.

இன்னொரு பையன். பைதான் ப்ராஜெக்ட். பைதானுக்கான பொதிகளைப் போட்டுத்தரும் கருவி பிப். காலேஜ் நோட்ஸில் பிப் இன்ஸ்டால் என்று போட்டிருப்பதை அப்படியே அடிக்கிறான். லேப்டாப்பில் புது உபுண்டு. நோட்ஸ் எழுதிய காலத்தில் அது வேலை செய்தது. 2023-ல் வந்த உபுண்டு 23.04-லிருந்தும், இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனின் 12-ஆம் பதிப்பிலிருந்தும் கதை மாறிவிட்டது. சிஸ்டத்தின் பைதானை அதன் சொந்த இன்ஸ்டால் கருவியான ஏபிடி பார்த்துக்கொள்கிறது, பிப் அதில் கை வைக்கக் கூடாது என்று தடுத்துவிடுவார்கள். ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ என்று ஒரு நீளமான எரர் வரும்.

இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்த எரரிலேயே பதில் இருக்கிறது. ஏபிடி வழியாகப் போடு, இல்லாவிட்டால் அந்த ப்ராஜெக்டுக்கு மட்டும் தனியாக ஒரு பைதான் இடம், அதாவது வெர்ச்சுவல் என்விரான்மென்ட், உருவாக்கிக்கொள், அதற்கு இன்ன கமாண்ட் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். “எரரைப் படிடா” என்று சொன்ன தோழர் சொன்னது தப்பில்லை. ஆனால் பையன் அதைப் படித்திருந்தான். பத்துப் பதினைந்து வரியில் எது தனக்கு உரியது, எது எச்சரிக்கை, எது கொசுறு என்று அவனுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. வெர்ச்சுவல் என்விரான்மென்ட் என்பது அவன் கேள்விப்படாத சங்கதி. ஆக, படித்தும் அவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். அப்போது பக்கத்திலிருந்த இன்னொருவர் இரக்கப்பட்டு, பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ் என்ற ஆப்ஷனைச் சேர்த்து அடிக்கச் சொல்லிவிட்டார். உடனே ஓடிவிட்டது. பையனுக்குச் சந்தோஷம். அந்த ஆப்ஷனின் பெயரே சிஸ்டத்தை உடைப்பேன் என்று சொல்கிறது; அவன் இப்போது எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறான். எரரைப் படி என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டவரைவிட இவர் செய்தது மோசம் என்பேன். ஆனால் முதலாமவர் திரும்பிக்கொண்டதால்தான் இவர் உள்ளே வந்தார்.

மேனுவல் படிப்பது பழகி வர வேண்டிய ஒரு கலை. அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. எல்லாரும் தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கமாண்டை எப்படி அடிப்பது என்று காட்டும் சுருக்கப் பகுதியில் ஒன்று சதுர அடைப்புக்குள் இருந்தால் போட்டாலும் போடலாம், விட்டாலும் விடலாம். மூன்று புள்ளி இருந்தால் ஒன்றுக்கு மேல் தரலாம் — இது உங்களுக்கு எப்போது தெரியும், யார் சொன்னார்கள் என்று நினைவிருக்கிறதா? எங்கள் பிள்ளைகள் அந்தச் சதுர அடைப்பையும் சேர்த்தே டைப் செய்வார்கள். பாஸ்வேர்ட் மாற்றும் கமாண்ட் மேனுவலின் ஒன்றாம் பிரிவில், அதே பெயருள்ள ஃபைலின் அமைப்பு ஐந்தாம் பிரிவில் என்று பிரித்துவைத்திருப்பது தெரியாமல், தப்பான பக்கத்தை முழுதாகப் படித்துவிட்டு வந்து நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வெளியே வர க்யூ அடிக்க வேண்டும் என்று தெரியாமல் டெர்மினலையே மூடுவார்கள். பெயர் தெரியாத கமாண்டைத் தேட வசதி இருக்கிறது, சரிதான். ஆனால் அதற்கும் ஆங்கிலத்தில் சரியான சொல் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

ஆங்கிலம் என்றதும், தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது, அதுதான் பிரச்சினை என்று முடித்துவிடாதீர்கள். மேன் பேஜ் ஆங்கிலம் மதுரையின் பெரிய இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளில் படித்தவர்களுக்கும் வராது. அது சட்டப் புத்தகம் மாதிரி எழுதப்பட்டது. ஏற்கெனவே தெரிந்தவர் சரிபார்த்துக்கொள்வதற்கானது. டெபியனில் ஜெர்மன் மொழிக்கும் ஜப்பானிய மொழிக்கும் மேன் பேஜ் பொதிகள் இருக்கின்றன. தமிழுக்கு அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கணியம் இதழ் 2012-லிருந்து தமிழில் கட்டுரைகளும் இலவச மின்னூல்களும் வெளியிட்டு வருகிறது. அது இல்லாவிட்டால் எங்கள் லேப்பில் பாதி வேலை நடக்காது.

கன்டெய்னரில், அதாவது சிஸ்டத்துக்குள் தனியாகப் பிரித்துவைத்த சின்ன லினக்ஸில், வேலை செய்யும் பிள்ளைகள் நிலைமை இன்னும் தமாஷ். இடம் மிச்சம் பிடிக்க உபுண்டுவின் சிறிய வடிவங்களில் மேன் பேஜ்களை நீக்கிவிட்டிருப்பார்கள். மேன் என்று அடித்தால் இந்த சிஸ்டம் சுருக்கப்பட்டது என்று ஒரு குறிப்புதான் வரும். பாருங்கள் என்று நீங்கள் காட்டும் இடத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். ராத்திரி பதினொன்றரை மணிக்கு, செல்போனில் சாய்வாக எடுத்து, எரரின் பாதி வெட்டுப்பட்ட போட்டோவை அனுப்பி, “அண்ணா எரர் வருது, அர்ஜென்ட், நாளைக்கு ரிவ்யூ” என்று கேட்பவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. அசைன்மென்டை அப்படியே ஒட்டிவிட்டு “ப்ரோக்ராம் மட்டும் அனுப்புங்க” என்பவர்களுக்கு நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டாம். ஆனால் அது வேறு, இது வேறு. தகவல் இல்லாத கேள்விக்குப் பதில் எதிர்க்கேள்விதான்: என்ன சிஸ்டம், என்ன அடித்தாய், என்ன வந்தது? இந்த மூன்றையும் இரண்டு தடவை கேட்டுவிட்டால் மூன்றாம் தடவை பிள்ளைகளே சேர்த்து அனுப்புவார்கள். நான் லேப்பில் தினமும் பார்க்கிற விஷயம். போட்டோ அனுப்பியவனையும், ஸ்க்ரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் என்று கேட்டவளையும் ஒரே பதிலால் அடிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஒரே கேள்வி நூறு தடவை வந்தால் அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நூறு பேரும் சோம்பேறிகள் என்று முடிவு செய்வதற்கு முன்னால் இன்னொரு பக்கம் யோசிக்கலாமே. ப்ரோக்ராமின் பழைய நிலைகளைச் சேமித்துவைக்கும் கருவி கிட். அதில் செக்அவுட் என்று ஒரு கமாண்ட். ப்ராஜெக்டின் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு, அதாவது பிராஞ்ச், மாறவும் அதுதான், திருத்திய ஃபைலைத் தூக்கியெறிந்து பழைய நிலைக்குக் கொண்டுவரவும் அதுதான். எத்தனை பேர் பிராஞ்ச் மாறப் போய்ச் செய்த வேலையை இழந்திருப்பார்கள்! மேனுவலில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. ஆனால் 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில் அந்த இரண்டு வேலையையும் ஸ்விட்ச், ரெஸ்டோர் என்று இரண்டு தனிக் கமாண்டுகளாகக் கொண்டுவந்தார்கள். குழப்பம் படிக்கிறவர் தலையில் இல்லை, கருவியில் இருந்தது என்று ஒத்துக்கொண்ட மாதிரிதான் அது. பைதானில் அடைப்புக்குறியை மூட மறந்தால், தப்பே இல்லாத அடுத்த வரியைக் காட்டி சின்டாக்ஸ் எரர் என்று சொல்லும் பழைய பழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பிலிருந்து, இந்த அடைப்பு மூடப்படவே இல்லை என்று திறந்த இடத்தையே காட்டுகிறது. பெயரை எழுத்துப் பிழையோடு அடித்தால் இதையா சொல்ல வந்தாய் என்று கேட்கிறது. ரஸ்ட் என்ற மொழியின் கம்பைலர் பல எரர்களுக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைச் சொன்னால் உதாரணத்தோடு விளக்கம் தருகிறது. முட்டாள் கேள்வி என்று ஒதுக்காமல், ஏன் எல்லாரும் இங்கேயே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்தவர்கள் செய்த வேலை இதெல்லாம்.

விம் எடிட்டரிலிருந்து எப்படி வெளியே வருவது என்று ப்ரோக்ராமர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2012-ல் ஒருவர் கேட்டார். இதைவிட எளிய கேள்வி இருக்க முடியுமா? 2017-ல் அந்தக் கேள்வியைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டதாக அந்தத் தளமே அறிவித்தது. ஒருத்தர் வெட்கத்தை விட்டுக் கேட்டதால் பத்து லட்சம் தடவை யாருக்கோ உதவியிருக்கிறது.

கேட்பதும் படிப்பதும் எதிரெதிர் என்று எப்போதிலிருந்து ஆனது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 என்று தேதியிட்டது. இன்று நாம் பார்க்கும் மேன் பேஜ் அமைப்பு அதிலேயே வந்துவிட்டது: பெயர், சுருக்கம், விளக்கம், தொடர்புள்ள ஃபைல்கள், இதையும் பார்க்க, பிழைகள். எங்கள் ப்ரோக்ராமில் இன்னின்ன குறை என்று தாங்களே எழுதிவைத்த அந்தப் பிழைகள் பகுதி எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் அதற்குக் கீழே இன்னொரு பகுதி இருந்தது. ஓனர் என்று தலைப்பு. சிக்கல் வந்தால் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று அங்கே பெயர் போட்டிருக்கும்: கென், டிஎம்ஆர் (டென்னிஸ் ரிச்சி) என்று சுருக்கமாக. கடைசியாக யார் அதில் கை வைத்தாரோ அவரே ஓனர் என்பது அவர்கள் வைத்திருந்த வழக்கம். உலகத்தின் முதல் மேன் பேஜ்கள், படித்தும் விளங்காவிட்டால் இன்னாரைக் கேள் என்று சொல்லித்தான் முடிந்திருக்கின்றன. பின்னால் வந்த பதிப்புகளில் அந்தப் பகுதி போய்விட்டது. மேன் பேஜின் பெயரால் கேள்வியைத் தடுப்பவர்கள் அந்த முதல் பதிப்பைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். மேனுவலைப் படியுங்கள் என்று நானும் சொல்லிக்கொள்கிறேன்.

லினக்ஸின் கதையும் அப்படித்தான். புதிதாக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறேன் என்று 1991 ஆகஸ்ட் 25-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய அறிவிப்பு எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு முன்பே ஜூலை 3-ஆம் தேதி அவர் ஒன்று கேட்டார்: ஒரு வேலைக்காக, யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது விதிகளான பாசிக்ஸ் விதிகள் தேவைப்படுகின்றன, கம்ப்யூட்டரில் படிக்கிற வடிவத்தில் எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா? மேனுவல் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி! பிறகு சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் கையேடுகளை வைத்துச் சமாளித்தார் என்பது வேறு கதை. அப்போது அவருக்குக் கைகொடுத்தவர்களில் ஆரி லெம்கே ஒருவர். ஃபைல்களை எல்லாரும் இறக்கிக்கொள்ளும் எஃப்டிபி சர்வரில் இடம் ஒதுக்கி, அந்த டைரக்டரிக்கு லினக்ஸ் என்று பெயர் வைத்ததும் அவர்தான். அந்த இருபத்தொரு வயதுப் பையனை யாரும் தேடிப் படித்துக்கொள் என்று துரத்தவில்லை.

நாம் மதுரைக்காரர்கள். நூலுக்கும் உரைக்கும் நடந்த சண்டை நமக்குப் புதிது இல்லை. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் முடிந்து புலவர்கள் திரும்பிவந்தபோது, எழுத்துக்கும் சொல்லுக்கும் ஆள் இருந்தார்கள், பொருளதிகாரம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, பாண்டியன் கவலைப்பட்டான், ஆலவாய் இறைவன் அறுபது நூற்பாவைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழே போட்டுவைத்தான் என்பது இறையனார் களவியல் உரை சொல்லும் கதை. மேனுவல் எழுதியவர் சாட்சாத் சிவபெருமான். கதை அங்கேயே முடிந்துவிடவில்லையே! நூல் கையில் கிடைத்தும் புலவர்களுக்கு அது போதவில்லை. ஆளுக்கு ஓர் உரை எழுதினார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல யாரை உட்காரவைத்தார்கள் தெரியுமா? உருத்திரசன்மன் என்ற ஐந்து வயதுப் பிள்ளையை. வாய் பேசாத பிள்ளை. பலருடைய உரையைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை, மருதனிளநாகனார் உரைக்குச் சில இடங்களில் கண்ணீர் விட்டான்; நக்கீரர் உரைக்குத்தான் சொல்லுக்குச் சொல் கண்ணீர் விட்டு மெய்சிலிர்த்தான். பொருள் விளங்கியதா இல்லையா என்பதைச் சங்கப் புலவர்கள் ஒரு சின்னப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள் என்று ஒரு கதையை இந்த ஊர் வைத்திருக்கிறது. அதன் பிறகும் அந்த உரை பத்துத் தலைமுறை வாய்வழியாகவே, ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்டுத்தான் வந்தது என்பார்கள். உரை என்றாலே உதாரணமும் கேள்வி பதிலும் இருக்க வேண்டும் என்பது நம் இலக்கணக்காரர்கள் வகுத்தது. பல மேன் பேஜ்களில் உதாரணமே இருக்காது.

இதற்கு மேல் இப்போது ஒரு புது நிலைமை. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. எங்கள் பிள்ளைகள் எல்லாருடைய செல்போனிலும் அது இருக்கிறது. எத்தனை மணிக்குக் கேட்டாலும் பதில் சொல்கிறது, தமிழில் கேட்டாலும் சொல்கிறது, சிரிப்பதில்லை. உங்களிடம் ஏன் வர வேண்டும்? வராமலே இருந்துவிடுவார்கள், அது உங்களுக்கு நிம்மதியாகக்கூட இருக்கலாம். ஆனால் அது சமயத்தில் இல்லாத ஆப்ஷனை இருப்பதாகச் சொல்லும், அதுவும் அடித்துச் சொல்லும். அதன் பதில்களை நம்ப முடியவில்லை என்றுதான் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே அவற்றைத் தளத்தில் போடத் தடை விதித்தது. அது சொன்னது சரியா என்று பார்க்க ஒரே வழி மேனுவலைத் திறப்பது. ஆக, மேனுவல் படிக்கத் தெரிய வேண்டிய அவசியம் முன்னைவிட இப்போதுதான் அதிகம். அதைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நீங்கள்தான். நீங்கள் அதை ஒரு வசவுச் சொல்லாக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பழைய கதை ஒன்றும் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சிடாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் இருந்தது. உசிலம்பட்டியிலும் மேலூரிலும் ஓலைக் கூரை வீட்டுக்குள்கூட லினக்ஸ் போய்ச் சேர்ந்தது. அதற்குமுன் அப்படி நடந்ததில்லை. பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. கம்ப்யூட்டர் கடையில் காசு கொடுத்து அதை அழித்துவிட்டு, முழு இடத்தையும் விண்டோஸுக்கே ஒதுக்கிக்கொண்டார்கள். கையேடு இல்லாமலா போனது? உதவிப் பக்கங்கள் உள்ளேயே இருந்தன.

ஆகவே உங்களிடம் சில விஷயங்கள் கேட்கிறேன். மேன் பேஜைப் பார் என்று தாராளமாகச் சொல்லுங்கள். எந்தப் பக்கம், அதில் எந்தப் பகுதி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூட்டத்தில் என்றால் நீங்களே அந்தப் பக்கத்தைத் திறந்து, எப்படித் தேடிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடுங்கள். அரை நிமிஷ வேலை. உங்கள் கண் எதைத் தாண்டிப் போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் அவர்களுக்குப் பாடம். பக்கத்தைக் காட்டிய பிறகும் திறக்காமல் மறுபடி வந்து நிற்பவரிடம் கண்டிப்பாக இருங்கள், நான் உங்கள் பக்கம்தான்.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை யாராவது ஒருவர் குறித்துவையுங்கள். யார் கேட்டது என்று வேண்டாம், கேள்வி போதும். அதற்குப் பதிலைத் தமிழில் நான்கு வரி எழுதுவதை நாங்கள் செய்கிறோம். எங்கள் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஒவ்வொரு கமாண்டுக்கும் உதாரணங்களை மட்டும் சுருக்கமாகத் தரும் டிஎல்டிஆர் திட்டத்தில் தமிழ்ப் பக்கங்களும் உண்டு, நிரப்ப வேண்டிய இடம்தான் நிறைய. எழுதியதைச் சரிபார்க்க ஒரு ஆள் தந்தால் போதும். புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கூட்டத்தில் இன்னாரைக் கேள் என்று ஒரு பெயர் சொல்லிவிடுங்கள். சுழற்சியில் மாற்றிக்கொள்ளலாம். அலுப்பாக இருக்கும் மாதம் யாரும் தன் பெயரைக் கொடுக்க வேண்டாம். பெண் பிள்ளைகள் வரும் கூட்டங்களில் அந்தப் பெயர் ஒரு அக்காவுடையதாக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் குழுக்களில் இருக்கும் அக்காமார்களை எப்போதும் ரிஜிஸ்ட்ரேஷன் டேபிளில்தான் பார்க்கிறேன், டெர்மினல் முன்னால் பார்த்ததில்லை.

மேனுவல் படிப்பதற்கென்றே ஒரு மதியம் ஒதுக்கலாம். பேச்சு வேண்டாம், ஸ்லைடு வேண்டாம். பேஷ் மேன் பேஜை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்வோம். எங்கள் லேப்பில் சனிக்கிழமை மதியம் வகுப்பு கிடையாது. பிரின்சிபாலிடம் பேசிவிட்டேன், ஆட்சேபம் இல்லை என்றார். எல்லா மெஷினிலும் உபுண்டு இருக்கிறது, மேன் பேஜ்களும் இருக்கின்றன, ப்ரொஜெக்டர் வேலை செய்கிறது. கரண்ட் போனால் யூபிஎஸ் அரை மணி நேரம் தாங்கும். பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் பஸ் ஏறினால் ஸ்டாண்டில் எங்கள் பையன் யாராவது பைக்கோடு நிற்பான். செமஸ்டர் பரீட்சை தொடங்குவதற்குள் வைத்துக்கொண்டால்தான் பிள்ளைகள் வருவார்கள். உங்களில் யார் யாருக்கு எந்தச் சனிக்கிழமை தோதுப்படும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
லேப் மேடம்,
திருமங்கலம்